நாலு முத்திரைப் பெட்டி

காலை 7.40. பாட்டில் கழுவும் கூடத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த வேண்டிய ஆபரேட்டர் இயந்திரத்தின் மின்பெட்டிக்கு முன்னால் மல்லாந்து கிடந்தார். ஈரக் கையோடு பெட்டியின் இரும்புக் கதவைத் தொட்டிருக்கிறார். மெயினை அணைத்த பிறகுதான் மற்றவர்களால் அவர் பக்கத்திலேயே போக முடிந்தது.

ஒன்பது மணிக்குள் கொலைகாரன் யார் என்று தொழிற்சாலையே முடிவு கட்டிவிட்டது. அங்கே எலக்ட்ரீஷியனாக வேலை பார்ப்பவன் இறந்தவரின் மைத்துனன். எங்காவது மின்சாரம் கசிந்தால் அதைத் தரைக்குக் கடத்தி ஆளைக் காப்பாற்ற வேண்டிய எர்த் வயர் பெட்டிக்குள் அறுந்து கிடந்தது. பூட்டு உடையவில்லை. சாவி ஒன்றே ஒன்று, அது அவன் இடுப்பில். போதாக்குறைக்கு, அவனுடைய வயதான அம்மா யார் வீட்டில் இருப்பது என்று முந்தின நாள்தான் இரண்டு பேரும் கேன்டீனில் எல்லோர் முன்னாலும் கத்திக்கொண்டிருந்தார்கள். “சாவி என் தம்பிகிட்டதான் இருந்துச்சு, அவன்தான் பண்ணியிருப்பான்” என்று அவன் அக்காவே அழுகையோடு போலீஸில் சொல்லிவிட்டாள். கட்டிய புருஷனைப் பறிகொடுத்தவள் சொன்ன பிறகு வேறு சாட்சி எதற்கு?

விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு ஸ்டேஷனில் ‘சிடுமூஞ்சி’ என்று பெயர். அது அவருக்கும் தெரியும். மாற்றிக்கொள்ளும் உத்தேசம் இல்லை. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க, டார்ச்சோடு பெட்டிக்குள் தலையை விட்டவர் வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை.

பெட்டி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வெளியே பெயிண்ட் முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளத்தது. உள்ளேயோ ஒரு வயரின் மேலுறை பழுப்பேறி வெடித்து, செம்பு கதவைத் தொட்டுக்கொண்டிருந்தது. எர்த் வயரின் முனையும் வெட்டியது போலப் பளிச்சென்று இல்லை, கருகியிருந்தது. செம்புப் பட்டைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மிளகளவு வெள்ளைப் புள்ளிகள். ஒரு புள்ளியிலிருந்து நூல் கனத்தில் ஒரு கம்பித் துணுக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

பத்து மணிக்கெல்லாம் இயந்திரத்தைத் தயாரித்த கம்பெனியின் சான்றிதழ் மேனேஜர் வந்துவிட்டார். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பாதுகாப்பு விதி உண்டு. அதன்படி பெட்டியைச் சோதனைக்கூடத்தில் கூடவே நின்று சோதித்து, அந்த நாட்டில் விற்க முத்திரை வாங்குவது அவர் வேலை. பதினைந்து வருஷமாக இதே பிழைப்பு என்பதால் அவர் பெயரே ‘முத்திரை’ ஆகிவிட்டது. கதவிலிருந்த தகட்டை அவர் பெருமையாகத் தட்டிக் காட்டினார். நாலு நாட்டு முத்திரைகள் அதில் வரிசையாக இருந்தன.

“நாலு நாடு சும்மா தூக்கிக் கொடுத்துடுமா மேடம்? தூசுகூட உள்ளே நுழையாதுன்னு சோதிச்சுக் கொடுத்தது. பூட்டின பெட்டிக்குள்ள கை வெச்சது யாருன்னு பாருங்க.”

இன்ஸ்பெக்டர் வெள்ளைப் புள்ளிகள் மேல் வெளிச்சத்தை அடித்தார். “இது என்ன?”

முத்திரை எட்டிப் பார்த்தார். “பல்லி எச்சம். பல்லி இல்லாத இடம் ஏது?”

இன்ஸ்பெக்டர் டார்ச்சை அணைத்தார்.

11.15. எலக்ட்ரீஷியனை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்திருந்தார்கள்.

“பெட்டியை எத்தனை தடவை திறந்தே?”

“வந்தன்னிக்கு ஒரு தடவை. லைன் கொடுக்க.”

“கதவுக்குப் போற எர்த் வயரைத் தொட்டியா?”

“இல்ல மேடம். அதை கம்பெனியிலேயே மாட்டித்தான் அனுப்புவாங்க.”

“இழுத்துப் பார்க்கலையா?”

“நாலு முத்திரை இருந்துச்சு மேடம்.”

பிறகு அவனே, ஒருவேளை அன்றைக்குத் தன் தோள் பட்டு வயர் அறுந்திருக்குமோ என்று முனகினான். சுற்றியிருந்தவர்கள் சொன்னதைக் கேட்டுக் கேட்டு அவனுக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டருக்குக் கோபம் தலைக்கேறியது. அவன் மேல் அல்ல.

1.30. முத்திரைக்காகப் பெட்டியைச் சோதித்த சோதனைக்கூடத்துக்கே இன்ஸ்பெக்டர் போனார். அங்கே வேறொரு பெட்டி கதவு திறந்து நின்றது. அதற்குள் நூல் நூலாகக் கம்பிகள். ஒவ்வொரு கம்பியின் முனையும் ஒரு சொட்டு வெள்ளைப் பசையால் செம்பில் ஒட்டப்பட்டிருந்தது. எந்த இடம் எவ்வளவு சூடாகிறது என்று பார்க்கத்தான் இது என்று அங்கிருந்த இன்ஜினீயர் பெண் விளக்கினாள். சோதனைக்கு வருகிற பெட்டியைச் சுத்தியலால் அடிப்பார்களாம், தண்ணீரைப் பீய்ச்சுவார்களாம், எர்த் வயரில் அளவுக்கு மீறி மின்சாரத்தை ஏற்றுவார்களாம். அதன் பிறகு அது பெட்டியே இல்லை, உடைத்துப் போட வேண்டிய இரும்பு.

இன்ஸ்பெக்டர் அவளைக் கையோடு தொழிற்சாலைக்கு அழைத்து வந்தார். அவள் கம்பித் துணுக்கைப் பார்த்ததுமே முகம் வெளிறினாள். அது அவள் கையால் ஒட்டியது. நாலு நாட்டுக்கும் நாலு பெட்டி கொண்டுவராமல், வேறு பெட்டி இல்லையென்று முத்திரை இந்த ஒன்றையே திரும்பத் திரும்பக் கொண்டுவந்தாராம். கடைசிச் சோதனை முடிந்ததும் உடைக்கப்போவதாகச் சொல்லி எடுத்துப் போனாராம்.

4.00. கம்பெனி முதலாளி அலறியடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். பெட்டியை உடைத்தாகிவிட்டது என்று தன்னிடம் சொன்னதே முத்திரைதான் என்றார். முதலாளி சொல்லித்தான் அனுப்பினேன் என்றார் முத்திரை. இரண்டு பேரில் ஒருவர் புளுகுகிறார்.

இன்ஸ்பெக்டர் முத்திரையைப் பார்த்தார்.

“பூட்டினதுக்கு அப்புறம் யார் நுழைஞ்சாங்கன்னு எல்லாரும் தேடினீங்க. யாரும் நுழையலை. பூட்டும்போதே எமன் உள்ளேதான் இருந்தான். நாலு சோதனையில எர்த் வயர் என்னைக்கோ செத்துப்போச்சு. வெந்துபோன உறை இன்னிக்குக் காலையில வெடிச்சுது.”

“அதுக்கு முதலாளிதான்...”

“காலையில இது பல்லி எச்சம்னு சொன்னீங்க. தூசு நுழையாத பெட்டிக்குள்ள பல்லி எந்த வழியா வந்துச்சு? சரி, வேற யாராவது சொல்லியிருந்தா தெரியாம சொன்னாங்கன்னு விட்டிருப்பேன். பதினைஞ்சு வருஷமா சோதனைக்கூடத்துல நிக்கிற உங்களுக்கா பசை தெரியாது? பார்த்ததுமே எந்தப் பெட்டின்னு புரிஞ்சுபோச்சு. ஆனா பல்லி மேல சாக்குச் சொல்லிட்டு, அந்தப் பையன் மாட்டட்டும்னு விட்டீங்க. முதலாளி சொல்லி அனுப்பியிருந்தா அவரைக் காலையிலேயே மாட்டிவிட்டிருப்பீங்களே, பல்லியை எதுக்கு இழுத்தீங்க?”

முத்திரையின் தோள்கள் தொய்ந்தன. சொன்ன தேதிக்கு அனுப்பப் புதுப் பெட்டி தயாராகவில்லை, ஷெட்டில் கிடந்ததற்குப் பெயிண்ட் அடித்து அனுப்பினேன் என்று ஒப்புக்கொண்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“நாலு சோதனையையும் தாங்கின பெட்டி மேடம். அதைவிட உறுதியான பெட்டி எது சொல்லுங்க?”

“நாலு தடவை அடிச்சுப் போட்டவனை எழுப்பி, சட்டையை மாத்தி வேலைக்கு அனுப்பியிருக்கே. வாயை மூடு.”

அவரை ஜீப்பில் ஏற்றும்போது கூடத்தில் யாரும் பேசவில்லை. காலையில் எல்லோரும் எவ்வளவு பேசியிருந்தார்கள்.

மாலையில் அக்கா ஸ்டேஷனுக்கு வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த தம்பி நிமிர்ந்து பார்க்கவில்லை.

“நான்தான் மாமாவைக் கொன்னுட்டேனோன்னு நானே நம்பிட்டேன்க்கா.”

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். “நானும்தாண்டா நம்பினேன்” என்றாள். அழவில்லை. முகம் கல்லாக இருந்தது. “என் புருஷனையும் கொன்னுட்டு, என் வாயாலேயே உன்னைக் கொலைகாரன்னு சொல்ல வெச்சுட்டான். அவனை நான் சும்மா விட மாட்டேன்.”

எழுந்து இன்ஸ்பெக்டரின் மேஜைக்குப் போனாள். காலையில் சொன்னது தப்பு, முதலிலிருந்து சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். சிடுமூஞ்சி நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, பேனாவைத் தானே எடுத்தார்.