தட்டினால் தூக்க வேண்டும்

கண்ணாடிக்கூடத்தின் நடுவில் நின்ற நந்தியாவட்டை நீலமாகப் பூத்திருந்தது. அது வெள்ளையாகத்தான் பூக்கும் என்பது தங்கராஜுக்கும் தெரியும்.

நகரத் தாவரவியல் பூங்காவுக்கு இந்த இடத்தைத் தானமாகக் கொடுத்தவர் அவர்தான். நாளைக்குத் திறப்பு விழா. அதற்கு முன்னால் ஒருதரம் பார்த்துவிடலாம் என்று பொழுது சாயும் நேரத்தில் தனியாக வந்திருந்தார். ஈர மண்ணும் தழையும் எருவும் கலந்து வந்த வாசனைக்கு அடியிலிருந்து, பழைய சாயத்தண்ணீரின் அழுகல் நெடி மெல்லக் கிளம்பி மூக்கில் ஏறியது. இங்கே அவருடைய சாயப்பட்டறை இருந்தபோது, கழிவுத் தொட்டி இந்தச் செடிக்குக் கீழேதான் இருந்தது.

டக். டக். டக்.

இரும்புக் குழாயில் ஸ்பேனர் தட்டும் சத்தம். செடிக்கு அடியிலிருந்து வந்தது. தொட்டிக்குள் இறங்குகிறவன் இடுப்பில் கயிறு கட்டியிருப்பான். மூச்சு முட்டினால் குழாயைத் தட்டுவான். மேலே இருக்கிறவர்கள் உடனே இழுத்துத் தூக்க வேண்டும். பட்டறையில் அதுதான் பேச்சு. அரசு மூடச் சொன்ன பட்டறையைத் திருட்டுத்தனமாக ஓட்டிய நாட்கள் அவை. அன்று உள்ளே இறங்கியிருந்த காசிமாயன் தட்டினான். வாசலில் அதிகாரிகளின் ஜீப் வந்து நின்றது. தங்கராஜ் தன்னோடு நின்றவனை வாசலுக்கு விரட்டிவிட்டு, கயிற்றை உள்ளே போட்டு மூடியைச் சாத்தினார். மறுநாள் மண் கொட்டி மூடினார். ஆள் ஊரைவிட்டு ஓடிவிட்டான் என்று அவன் மனைவி முத்தாயியிடம் சொன்னார். பாவி, அவள் கண்ணைப் பார்த்தே சொன்னார்.

வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

திரும்பினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தண்ணீர்க் குழாயோடு முத்தாயி. இங்கேதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாளா?

"ஏம்மா முத்தாயி, உள்ள நான் இருக்கறனுங்க. கதவத் தொறந்துடுங்க."

"தண்ணி விடும்போதெல்லாம் அவரு கீழ தட்டுறாருய்யா," என்றாள் அவள். "மேல தூக்கத்தான் ஆளில்ல."

குழாயைச் சுருட்டிக்கொண்டு நடந்தாள்.

கத்தினார். அவள் திரும்பவில்லை. மோதிரக் கையை மடக்கி, கதவின் இரும்புச் சட்டத்தில் ஓங்கித் தட்டினார்.

டக். டக். டக்.

தட்டிய பிறகுதான் உறைத்தது.

கீழே சத்தம் நின்றுபோயிருந்தது.

இடுப்பில் ஈரம். குனிந்தார். கயிறு. நீலம் ஏறிய பழைய கயிறு. முடிச்சு போட்டபடி. மறுமுனை செடியின் வேருக்குள் இறங்கியிருந்தது.

அது விறைத்தது.

கீழேயிருந்து, கை மாற்றிக் கை மாற்றி, நிதானமாக, ஒருவன் இழுக்க ஆரம்பித்தான்.