பென்குவின்கள் விலகிய இடம்

"பாம்… பாம்… பாஆஆம்!"

சரணாலயத்தில் ஹார்ன் அடிக்கக் கூடாது என்ற பலகைக்கு நேர் எதிரே வண்டியை நிறுத்தித்தான் என் அண்ணன் காஸ்டோன் அடித்தான். புதர்களுக்கடியில், வளைகளுக்குள் இருந்த பென்குவின்கள் கழுதைகளைப் போலக் கத்தின.

"காது கிழியுது தம்பி!" என்று வாசல் காவலர் இலாரியோ வெள்ளை மீசை துடிக்க ஓடி வந்தார்.

"மன்னிச்சுக்கோ பெருசு. என் தங்கச்சி வேலை நேரத்துல தூங்குவா. எழுப்பினேன்."

ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். அப்பா, அம்மா போன பிறகு லாரி ஓட்டி என்னைப் படிக்க வைத்தவன் அவன். எனக்கென்று இருப்பது அவன் ஒருவன்தான். நான்கு மாதக் கர்ப்பிணியான அண்ணி யானினாவோடு ரொசாரியோ நகரத்திலிருந்து இரண்டு நாள் பயணம் செய்து வந்திருந்தான்.

செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை எனக்கு இங்கே பென்குவின் காவல் வேலை. மேட்டில் மேயும் ஒட்டக இனத்துக் குவானக்கோக்களையும் இறகு மாற்றும் குஞ்சுகளையும் காட்டிக்கொண்டே கடலை நோக்கி நடந்தேன். அழுகிய மீன் வாடை காற்றில் கனத்திருந்தது.

"மைத்தே, இந்த நாத்தத்துல எப்படிடி சோறு இறங்குது?"

"உன் லாரியில உட்கார்ந்தே தின்னவ நான். இது தேவலாம்."

அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பாதையில் பென்குவின் குறுக்கே வந்தால் நாம் நின்று வழிவிட வேண்டும். இதைச் சொல்லியிருந்தேன். வேலையாட்களுக்கு மட்டும் இன்னொரு வழக்கம் உண்டு. அதைச் சொல்லவில்லை. கேலி செய்வான் என்று கூச்சம்.

கடற்கரையில் அந்த வழக்கத்துக்கு வேளை வந்தது.

கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பறவைக் கூட்டம் நடுவில் இரண்டாகப் பிரிந்தது. வெறும் தரையைச் சுற்றிக்கொண்டு போனது. ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு வெற்றிடம்.

நான் தொப்பியைக் கழற்றினேன். அந்த வெற்றிடம் மூடும்வரை அசையாமல் நிற்க வேண்டும், அதுதான் எங்கள் வழக்கம். இருபது வருடங்களுக்கு முன் இலாரியோவோடு வேலை பார்த்த ஃபௌஸ்டினோ என்ற பருவகால வேலையாள் இந்தக் கரைக்கு வந்து காணாமல் போன நாளிலிருந்து இப்படித்தான்.

"அட, எனக்காக வழி விடுதுங்க பாரு! போட்டோ எடு யானி!"

"அண்ணா, போகாதே!"

அதற்குள் அவன் அந்த இடத்தில் போய் நின்றுவிட்டான்.

கத்தல் சட்டென்று நின்றது. அத்தனை பறவைகளும் வாய் மூடின. காற்றுகூட இல்லை.

அண்ணனின் சிரிப்பு பாதியில் அறுந்தது.

பிறகு அவன் மெல்ல வெளியே வந்தான்.

வெற்றிடம் மூடவில்லை.

அதன் புழுதியில் அண்ணனின் ஷூ தடங்கள் இருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பக்கத்தில் இன்னொரு தடம் விழுந்தது.

அடுத்து ஒன்று.

"அண்ணா?" என்று கிசுகிசுத்தேன்.

தடங்கள் என்னை நோக்கி ஓடி வந்தன. விளிம்பில் சுவரில் முட்டியது போல நின்றன. திரும்பின. சுற்றின. மறுபடி ஓடி வந்தன.

நான் பாய்ந்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

"போகலாம்," என்றான் அண்ணனின் முகத்தோடு நின்றவன்.

இழுத்தேன். பிடி இளகவில்லை. கண்ணெதிரே பறவைகள் கலைந்து நெருங்கின. வெற்றிடம் சுருங்கி மறைந்தது. அத்தனை தடங்களையும் மிதித்து அழித்துவிட்டுக் கூட்டம் கடலில் இறங்கியது.

"அண்ணா! அண்ணா!"

"உன் அண்ணன் இதோ நிக்கிறாரேடி!" அண்ணி சிரித்தபடி அவன் கையைக் கோத்துக்கொண்டாள். "என்னங்க, கை இப்படிச் சில்லுனு இருக்கு? உப்பு வாடை வேற."

இன்றுதான் முதல்முறை வந்தவன், புதருக்குள் எங்களுக்கே மறந்துபோன குறுக்கு வழியில் முன்னால் நடந்தான். அண்ணியிடம் நான் என்னவென்று சொல்வது? பின்னாலேயே போனேன்.

வாசலில் இலாரியோ கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். அவன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். முகமெல்லாம் மலர்ந்தது.

"டேய் இலாரியோ! என்னடா, நேத்து கருகருன்னு இருந்த மீசை, இப்படி நரைச்சுப் போச்சு?"