இடப்பக்க பிரேக்

தங்கையின் வீட்டுக்கு நான் அன்று போனது, இரவல் கொடுத்த குடையைத் திரும்ப வாங்க. மாப்பிள்ளை என்னைக் குடைப் பக்கமே விடவில்லை. நேராகப் பின்புறக் கொட்டகைக்கு இழுத்துப் போய், போர்வையை உருவினார்.

“எப்படி இருக்கு மச்சான்?”

வெள்ளி நிறத்தில் ஏதோ ஒன்று, பின்னால் இரண்டு தெர்மகோல் துடுப்புகளோடு நின்றது. அவர் சிறுவனாக இருந்தபோது தொலைக்காட்சியில் வந்த விண்வெளித் தொடரின் ‘வால்வெள்ளி’ வண்டியாம். கதவில் சாயம் மெலிந்த இடத்தில் பழைய எழுத்துகள் தெரிந்தன: ‘ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி’. அலுவலகத்தில் குடிநீர் இணைப்பு மனுக்களில் கையெழுத்துப் போடுகிற மனிதர், இந்த வண்டி வந்ததிலிருந்து வீட்டில் தளபதி. ஞாயிற்றுக்கிழமை பழைய கார் கண்காட்சி. பத்து வயது மகள்தான் துணைத் தளபதி. தகர ஹெல்மெட்டோடு இடப்பக்க சீட்டில் உட்கார வேண்டும்.

அந்த சீட்டின் முன்னால் பயிற்சி மாஸ்டருக்கென்று தனியாக ஒரு பிரேக் இருந்திருக்கிறது. அங்கே விளக்குப் பெட்டி வைக்க வேண்டும் என்று அதை அறுத்தெறியச் செய்திருந்தார் மாப்பிள்ளை.

“நான் அப்பவே வேணாம்னேன்,” என்றார் பக்கத்தில் நின்ற, வண்டிக்குத் தகர வேலை செய்த டிங்கர்க்காரர். அப்படிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டார். ‘டிசைனர்’ என்றால்தான் திரும்புவார். “மாஸ்டர் அந்த சீட்லதான் போனாரு சார். கத்துக்க வந்தவன் லாரிக்கு நேரா விட்டுட்டான். இவர் மிதிச்சாரு. வண்டியும் நின்னுச்சு, நெஞ்சும் நின்னுச்சு. பிரேக்லேருந்து காலை எடுக்கவே முடியலையாம்.”

“இந்தக் கதையையும் கண்காட்சிக்கு அனுப்பலாமே,” என்றேன். சிரித்தோம்.

யாரோ இருமல் மிட்டாய் சப்புகிற வாசனை வந்தது. எங்கள் மூவர் வாயிலும் ஒன்றும் இல்லை.

பொழுது சாயும்போது வெள்ளோட்டம். மகள் ஹெல்மெட்டோடு இடப்பக்க சீட்டில். நான் பின்னால், துடுப்புக் கம்பிகளுக்கு நடுவே மடங்கிக் கிடந்தேன். மாப்பிள்ளை மீசையைத் தடவிக்கொண்டு, “வால்வெள்ளி, பாய்!” என்றார். பாய்ந்தது. தெருமுனை நெருங்கியும் அவர் வேகத்தைக் குறைக்கவில்லை.

வண்டி நின்றது.

கருகிய ரப்பர் நாற்றம். எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது, சக்கரம் அசையவில்லை. மாப்பிள்ளையின் கால் இன்னும் ஆக்சிலேட்டரில்தான் இருந்தது.

“பாத்தீங்களா மச்சான்? தானியங்கி பிரேக்! நானே செஞ்சது!”

அப்படி எதையும் செய்யவில்லை என்பது அவர் குரலிலேயே தெரிந்தது.

“மாமா…” மகள் திரும்பாமலே கிசுகிசுத்தாள். “நான் அழுத்தல.”

எட்டிப் பார்த்தேன். அவள் வலது கால் விளக்குப் பெட்டியின் மேல் விறைத்து நின்றது. பெட்டித் தகடு உள்ளே குழிந்திருந்தது. காலைத் தூக்கப் பார்த்தேன்.

அது குழந்தையின் கால் கனமே இல்லை.

எஞ்சினை அணைத்த பிறகுதான் கால் தளர்ந்தது. வீட்டுக்கு வந்து அவள் செருப்பைக் கழற்றினால், உள்ளங்காலில் பெடல் ரப்பரின் வரிகள் பதிந்திருந்தன.

“அந்த பிரேக்கைத் திரும்ப வைங்க,” என்றாள் தங்கை. “இல்லன்னா புள்ளையைக் கூட்டிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்.”

“வெச்சா விளக்குப் பெட்டியை எங்கடி வைக்கிறது?”

இருந்தாலும் மறுநாள் பெடல் வந்துவிட்டது. தங்கை கதவருகிலிருந்து பார்த்துத் திருப்தியானாள். ஆனாலும் மகளை வண்டியில் ஏற்ற மாட்டேன் என்றாள். நான் தொட்டுப் பார்த்தேன். தெர்மகோல். வெள்ளிச் சாயம்.

“ஒரிஜினல் மாதிரியே இருக்குல்ல?” என்று கண்ணடித்தார் மாப்பிள்ளை.

கண்காட்சியில் மாப்பிள்ளை அளந்ததை நம்பி, ‘தானாக நிற்கும் வண்டி’ என்று கோப்பை கொடுத்தார்கள். மாப்பிள்ளை மகளையும் கைப்பிடித்து மேடைக்கு அழைத்துப் போனார். நான் மேடையை ஒட்டிக் கீழே நின்றேன். குழந்தையின் பாதம் என் கண்ணுக்கு நேராக இருந்தது.

“சிறு வயதிலிருந்தே எனக்குள் ஒரு விஞ்ஞானி உறங்கிக்கொண்டிருந்தான்,” என்று தொடங்கினார். ஒலிபெருக்கி சூடாயிற்று. பேச்சு வேகமெடுத்தது. “இந்த பிரேக்கை உலகத்திலேயே முதன்முதலாகக் கண்டுபிடித்தது—”

இருமல் மிட்டாய் வாசனை.

மகளின் வலது கால் முன்னால் நீண்டு, மேடைப் பலகையை மெல்ல அழுத்தியது.

பேச்சு நின்றது.

வாய் திறந்தே இருந்தது. நெஞ்சு ஏறவில்லை, இறங்கவில்லை. ஜனங்கள் இதுவும் ஒரு வித்தை என்று கைதட்டினார்கள்.

“மாமா, நான் அழுத்தல! மாமா!”

அவள் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். எடுக்கவே முடியவில்லை. மாப்பிள்ளையின் உதடு நீலம் பாரித்தது.

“மாப்பிள்ளை! நீங்க செய்யலன்னு ஒத்துக்கோங்க! தலையையாவது ஆட்டுங்க!”

அந்த நிலைமையிலும் ஒரு கணம் யோசித்தார் மனிதர். பிறகு தலையை ஆட்டினார். கோப்பையைக் கீழே வைத்தார்.

கால் எழும்பியது.

மறுநாளே டிசைனர் இரும்பு பெடலைப் பற்றவைத்தார். விளக்குப் பெட்டி பரணுக்குப் போனது. வண்டியின் நான்கு சக்கரத்தையும் கழற்றி, கொட்டகையைப் பூட்டி, சாவியைத் தங்கை வைத்துக்கொண்டாள். குழந்தையின் காலில் வரிகள் மறைந்துவிட்டன.

போன வாரம் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளைக்குப் பழைய தெம்பு திரும்பியிருந்தது. “எங்க ஆபீஸ்ல நான் ஒருத்தன் இல்லன்னா, இந்த ஊருக்கே தண்ணி…”

எல்லாரும் மகளின் காலைப் பார்த்தோம். சம்மணம் போட்டு, சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

பூட்டிய கொட்டகையிலிருந்து, கனமான கால் ஒன்று பெடலை மெதுவாக மிதிக்கிற சத்தம் கேட்டது.

மாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டார்.

பெடல் திரும்பி எழும் சத்தத்துக்காகத்தான் காத்திருந்தோம். அது கேட்கவே இல்லை.