திரும்பச் சொல்லும் வரை

குச்சிப்பயல் கட்டிலில் படுத்திருந்தான். அதுதான் கோளாறு.

விளையாட்டு வாத்தியார் வாசலிலேயே நின்று டார்ச்சை அடித்துப் பார்த்தார். கதவை ஒட்டிய கட்டில். சுவரைப் பார்த்துத் திரும்பிய முதுகு, காதுவரை இழுத்துப் போர்த்திய விடுதிக் கம்பளி, அதற்கு மேலே ஒட்ட வெட்டிய தலை. அவனேதான். ஆனால் இவனை யார் படுக்கச் சொன்னது? அவர் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு பயல் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திரிக்க மாட்டான். கழுத்தில் எந்நேரமும் தொங்கும் விசிலை வைத்து அவருக்கு 'விசில்' என்று பெயர் விட்டிருந்தார்கள். முதுகுக்குப் பின்னால்தான். முன்னால் வாயைத் திறக்க எவனுக்கும் துணிச்சல் கிடையாது.

டூர் வந்து தங்கிய இந்த மலை விடுதியில், அன்று ராத்திரி சாப்பாடு முடிந்து விளக்கை அணைத்த கையோடு ஒரு கூத்து நடந்தது. இந்த அறைக்குள்ளிருந்து ஒரு விசில் சத்தம். அவர் ஊதுகிற மாதிரியே, நீளமாக ஒன்று, வெட்டி ஒன்று. உள்ளே பாய்ந்து போய் விளக்கைப் போட்டால் பயல்கள் மூன்று பேரும் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள்.

"எவன்டா அது?"

"நாங்க இல்ல சார்," என்றான் குண்டன். "குச்சி கட்டில் பக்கத்துல இருந்து வந்துச்சு சார். ஆனா அவன் இல்ல சார்."

"அவன் கட்டில்ல அவன் இல்லாம உங்க தாத்தாவா ஊதுறாரு?"

  அவர் குச்சியின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், வராந்தாவின் கோடியில், மலைக்காற்று நேராக வந்து அறைகிற இடத்தில், சுவரைப் பார்த்து நிறுத்தினார். அரைக்கைச் சட்டை. காலில் செருப்பு இல்லை.

"நான் வந்து சொல்ற வரைக்கும் திரும்பக் கூடாது. வாயைத் தொறக்கக் கூடாது. புரியுதா?"

தலையாட்டினான்.

அப்புறம் அவர் கீழே போனார். கீழே கணக்கு வாத்தியார் அறையில் சீட்டு விரித்தாயிற்று, முதலுதவிப் பெட்டிக்குள் பஞ்சுக்கு அடியில் கொண்டுவந்த பாட்டிலும் திறந்தாயிற்று. பிள்ளைகளுக்கு ஊரைச் சுற்றிக்காட்டப் போகிறோம் என்று சொல்லிக் கூட்டிவருகிறவர்களுக்கு ராத்திரி வந்தால் யார் பிள்ளையோ என்றாகிவிடும். பெற்றவர்கள் நம்பி அனுப்புகிறார்கள். நம்பாமல் வேறு என்ன செய்வார்கள்.

"மேல ஒருத்தனை நிக்க வெச்சுட்டு வந்தீங்களாமே?" என்று நடுவில் ஒருமுறை கேட்டார் கணக்கு வாத்தியார்.

"நிக்கட்டும். கால் எதுக்கு இருக்கு?"

"பனி கொட்டுது சார்."

"ஏன், நீங்க போய் குடை பிடிக்கிறீங்களா? சீட்டை இறக்குங்க."

இருவரும் சிரித்தார்கள். அதோடு அவனை மறந்துபோனார்கள்.

இப்போது பாட்டில் காலியாகி, படியேறுகிற வழியில்தான் சுரீர் என்று நினைவு வந்தது. படியிலிருந்து பார்த்தால் கோடியைப் பனி மூடியிருந்தது, அதனால்தான் நேராக இந்த அறைக்கு வந்தார். வந்து பார்த்தால் பயல் சுகமாகப் படுத்திருக்கிறான். கோபம் வந்தது, அதைவிடப் பெரிய நிம்மதியும் வந்தது. போகட்டும், காலையில் வைத்துக்கொள்ளலாம். ட்ராக் பேன்ட் பையில் கையை விட்டார். சின்னதாக, வழவழவென்று ஏதோ விரலில் பட்டது. குச்சியின் இன்ஹேலர். பஸ் புறப்படும்போது அவன் அம்மா கொடுத்தது. மருந்து மாத்திரை எல்லாம் வாத்தியார் கையில்தான் இருக்க வேண்டும், அது டூர் சட்டம்.

"குளிர் ஆகாது சார் அவனுக்கு, மூச்சு இழுக்கும்," என்றிருந்தாள். "வாய் விட்டுக் கேக்க மாட்டான். ரொம்ப பயந்தவன். நில்லுன்னா நின்னுகிட்டே இருப்பான். நீங்கதான் சார் பாத்துக்கணும்."

"எல்லாம் நாங்க பாத்துக்குவோம்மா, நீங்க எறங்குங்க," என்று இவர் சொல்லியிருந்தார்.

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார். வராந்தா முழுக்கப் பனிமூட்டம் புகுந்து, ஈரச் சுண்ணாம்பும் பாசியும் கலந்த வாடையோடு தரைக்கு மேலே மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. கைப்பிடிக் கம்பியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. கீழே எங்கேயோ ஒரு தகரம் காற்றில் தட்டி, நின்று, யோசித்து, மறுபடி தட்டியது. நடுவில் எரிந்த ஒற்றை பல்பின் வெளிச்சம் பாதி வராந்தாவோடு களைத்துப்போய் நின்றுவிட்டது.

அதற்கு அப்பால், கோடியில், யாரோ நின்றார்கள்.

சுவரைப் பார்த்து.

டார்ச்சைத் தூக்கினார். பனியில் வெளிச்சம் பால் மாதிரிக் கலங்கியது. அரைக்கைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. வெறுங்கால். குதிகால் இரண்டும் நீலம் பாரித்துத் தெரிந்தன. ஒட்ட வெட்டிய தலை.

"யார்ரா அது?"

 திரும்பவில்லை. தோள்பட்டை மட்டும் லேசாக ஏறி இறங்கியது. ஒரு சத்தம் வந்தது, ஓட்டை விழுந்த பந்திலிருந்து காற்றுப் போகிற மாதிரி, மெல்லிய, நீண்ட, கீச்சென்ற சத்தம்.

குடித்தது எல்லாம் ஒரே நொடியில் இறங்கிவிட்டது அவருக்கு. பயல் உள்ளே படுத்திருக்கிறான். இப்போதுதான் கண்ணால் பார்த்தார். அப்படியென்றால் இங்கே நிற்பது எது? கால் தானாகப் பின்னால் போனது. கதவைத் தள்ளி உள்ளே விழுந்து, தாழ்ப்பாளைப் போட்டு, அடுத்த தாழ்ப்பாளையும் போட்டார். ஜன்னல் முதுகில் இடிக்கும் வரைக்கும் பின்னாலேயே நடந்து, குண்டன் கட்டிலில் உட்கார்ந்தார்.

கம்பளிக்குள் குண்டன் விழித்துக்கொண்டுதான் இருந்தான். 

"சார்," காற்றைவிட மெதுவாகச் சொன்னான். "அவன் உள்ள வரவே இல்ல சார்."

"என்னடா உளர்ற?"

"நீங்க கூட்டிட்டுப் போன பெறகு கதவு தொறக்கவே இல்ல சார். நாங்க ரெண்டு பேரும் பாத்துட்டே இருந்தோம். கட்டில் காலியாத்தான் இருந்துச்சு. அப்புறம் கம்பளி... மெதுவா... மேல எழும்புச்சு சார்."

"வாயை மூடு."

மூடிக்கொண்டான். அறை அமைதியானது. அப்போதுதான் விசில் வாத்தியாருக்கு உறைத்தது. குண்டன் மூச்சு கேட்கிறது. கம்பளிக்குள் சுருண்டுகிடக்கிற மூன்றாவது பயலின் மூச்சு கேட்கிறது. தன் மூச்சும் கேட்கிறது. கதவோரக் கட்டிலிலிருந்து ஒன்றுமே கேட்கவில்லை. கம்பளி ஏறவில்லை. இறங்கவில்லை.

வெளியே அந்த மூச்சு இழுப்பு.

நில்லுன்னா நின்னுகிட்டே இருப்பான்.

படுக்கச் சொல்லாமல் வந்து படுக்கிற பயல் இல்லை அது. அப்படி வளர்த்துவைத்திருந்தார் அவர்களை. மூச்சு முட்டினாலும் திரும்பமாட்டான், கூப்பிடமாட்டான், கதவைத் தட்டமாட்டான். ஏனென்றால் அவர் வந்து சொல்லவில்லை. ஒரே ஒரு சொல். கதவைத் திறந்து 'திரும்புடா' என்று சொன்னால் போதும். பையில் மருந்து இருக்கிறது. எட்டி நடந்தால் கதவு.

கதவுக்கு முன்னால் அந்தக் கட்டில்.

எழுந்தார். உட்கார்ந்தார்.

போன் கீழே கணக்கு வாத்தியார் அறையில் சீட்டுக்கட்டு மேல் கிடந்தது. விசில் கழுத்தில் இருந்தது. ஊதினால் விடுதியே எழுந்து ஓடிவரும். எதிர்க்கட்டடத்தில் பெண்பிள்ளைகளோடு தங்கியிருக்கிற டீச்சரம்மாக்கள் வருவார்கள், விடுதிக்காரன் வருவான், யாராவது போய்ப் பயலைத் தூக்குவார்கள். விசிலை எடுத்து உதட்டில் வைத்தார். அதில் அவருடைய மூச்சு பட்டுத் திரும்பி மூக்கில் ஏறியது. நெடி. எல்லோருக்கும் அடிக்கும். பிள்ளையைப் பனியில் நிறுத்திவிட்டுக் குடித்தவன் என்று நாளைக்கு ஊரே காறித் துப்பும். வேலை போகும்.

கொஞ்சம் பொறுப்போம் என்று நினைத்தார். கொஞ்சம்தான். நெடி அடங்கட்டும்.

விசிலை இறக்கினார்.

வெளியே இழுப்பு நீண்டது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போனது. தகரம் தட்டியது. தண்ணீர் சொட்டியது. இழுப்பு. தகரம். சொட்டு. சொட்டு.

இழுப்பு.

சொட்டு.

ஏதோ தரையில் மெத்தென்று சாய்ந்தது.

"சார்," என்று அழுதான் குண்டன். "சார், போய்ப் பாருங்க சார்."

அவர் பையிலிருந்த இன்ஹேலரை இறுக்கிப் பிடித்தார். காதைத் தீட்டிக் கேட்டார். வெளியே ஒன்றுமில்லை. பனி மட்டும்.

அப்போது கதவோரக் கட்டிலில் கம்பளி மெதுவாக ஏறியது.

இறங்கியது.

ஓட்டை விழுந்த பந்திலிருந்து காற்றுப் போகிற மாதிரி, மெல்லிய, நீண்ட, கீச்சென்ற சத்தம். அதே சத்தம். இப்போது அறைக்குள்.

டார்ச்சைக் கட்டிலில் வைத்து அந்தப் பக்கம் திருப்பினார். ஒட்ட வெட்டிய தலை சுவரைப் பார்த்தபடியே இருந்தது. பயந்த பிள்ளையின் குரல், பணிவான குரல், குச்சியின் குரல்.

"சார்... நான் திரும்பட்டுமா?"

குண்டன் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.  அவர், திறந்தால் என்ன சொல் வந்துவிடுமோ என்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சொல்லுங்க சார். நீங்க சொல்ற வரைக்கும் நிப்பேன்."

சொல்லவில்லை.

கம்பளி தோளிலிருந்து வழுக்கி விழுந்தது. பிறகு, நீளமாக ஒன்று, வெட்டி ஒன்று, அவர் ஊதுகிற மாதிரியே, கட்டிலிலிருந்து விசில் கேட்டது.

தலை திரும்பத் தொடங்கியது. உடம்பு திரும்பவில்லை.