அடியில் கிடந்த கட்டு

"ஐயோ... பெரியவர் விழுந்துட்டார்!"

அந்த அலறலில் கோர்ட் கிளார்க்கின் கையிலிருந்த ரப்பர் ஸ்டாம்ப் நழுவியது. வராந்தாவுக்கு ஓடினார்.

பெஞ்சில் நீட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். முகத்தை மூடி ஒரு கறுப்பு கவுன்.

பம்ப் கம்பெனிப் பெரியவர்! தன் டிசைனைத் திருடிவிட்டதாக ஒரு பெரிய கம்பெனி மேல் கேஸ் போட்டவர். பதினோரு வருஷம்... தொண்ணூற்று நாலு வாய்தா!

"என்னாச்சும்மா?"

"போயிட்டார்," என்றாள் பெரியவரின் வக்கீல். "இன்னைக்காவது வாதம் நடக்கும்னு ஆசையா வந்தார். கேஸ் கட்டைக் காணோம்னு நீங்க சொன்னீங்க... நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு சரிஞ்சுட்டார்."

கிளார்க் பெஞ்சை நோக்கி ஓரடி வைத்தார்.

கட்டு எங்கேயும் போகவில்லை. ஒளித்து வைத்ததே அவர்தான்!

மேலே இருக்கிற கட்டைத்தான் ஜட்ஜ் முதலில் எடுப்பார். கிளார்க் இந்தக் கட்டை எப்போதும் அடியில் செருகுவார். அது மேலே வருவதற்குள் கோர்ட் கலைந்துவிடும். மறுபடி வாய்தா! பெரிய கம்பெனி அவர் மாப்பிள்ளைக்கு வேலை போட்டுக் கொடுத்ததற்குக் கைமாறு. புது ஜட்ஜ் இன்று இதையே முதலில் கேட்கவும், கட்டையே மறைக்க வேண்டியதாயிற்று.

"டாக்டர்..?"

"வந்துக்கிட்டிருக்கார். கிட்டப் போகாதீங்க."

ஒவ்வொரு வாய்தாவுக்கும், "நல்லாயிருக்கீங்களா தம்பி?" என்று விசாரித்த மனுஷன். பாவி... நானே கொன்றுவிட்டேனே!

கவுன் லேசாக ஏறி இறங்கியது. ஃபேன் காற்று என்று நினைத்துக்கொண்டார்.

"அம்மா... கட்டு தொலையலை." குரல் உடைந்தது. "ரெக்கார்ட் ரூம்ல... மூணாவது அலமாரி... கரையான் அரிச்ச கட்டுங்களுக்குப் பின்னால. நான்தான் வச்சேன்!"

"பதினோரு வருஷமாவா?"

"அடியில தள்ளினது பதினோரு வருஷம். ஒளிச்சது இன்னைக்குத்தான். மாப்பிள்ளை வேலை போனா போகட்டும். என்னால தாங்க முடியலைம்மா!"

அவள் அவருடைய தோளுக்கு மேலே பார்த்தாள்.

"கேட்டீங்களா ஐயா?"

கிளார்க் திரும்பினார். அறை வாசலில் ஜட்ஜ்!

"நல்லாவே கேட்டுச்சு. யாராவது போய் அந்தக் கட்டை எடுத்துட்டு வாங்க. இப்பவே விசாரணை. கிளார்க், நீங்க இங்கேயே இருங்க. போலீஸ் வரட்டும்."

கிளார்க் அண்ணாந்து பார்த்தார்.

ஃபேன் ஓடவே இல்லை!

பெரியவர் கவுனை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். உயிரோடு இருக்கிறாரே... கிளார்க்குக்கு அழுகையே வந்துவிட்டது.

பெரியவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"செத்தாத்தான் இங்க கேஸ் நகரும்னு அப்பவே சொல்லியிருந்தா, முதல் வாய்தாவுலயே செத்திருப்பேனே தம்பி!"