கலிமாவுக்குப் பின் ஒரு பேச்சு

மெல்பர்னின் வடக்கில் உள்ள மூன்று ஆஸ்பத்திரிகளுக்கும் சேர்த்து ஒரே ஹோஜா நான்தான்; துருக்கியர் இமாமை அப்படித்தான் கூப்பிடுவார்கள். சாகக் கிடக்கிற முஸ்லிமின் காதில் கலிமா சொல்லிக்கொடுப்பது என் வேலை. பாதிரிமார் ஆறு பேர். மாதமொருமுறை மனதைக் கொட்டி அழ அவர்களுக்கு ஆள் வைத்திருக்கிறார்கள். எனக்கு யார் இருக்கிறார்கள்? காரில் தனியாக அழுதுகொள்வேன்.

செவ்வாய் பகல் நான்காம் மாடி, பதினோராம் அறைக்குப் போனேன். கார் தொழிற்சாலையில் உழைத்து ஓய்ந்த பெரியவர் நெஜாத்தி சக்கராத் என்னும் மரண அவஸ்தையில் இழுத்துக்கொண்டிருந்தார்.

"கடைசிப் பேச்சு கலிமாவா இருக்கணும் ஹோஜா. விட்டுட்டுப் போயிட மாட்டீங்களே?"

"உங்கள விட்டுட்டு எங்க போவேன்?"

நான் சொன்னேன், அவரும் சொன்னார். அதற்குப் பின் வேறு பேச்சு வரக் கூடாது. வந்தால் மறுபடி சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துப் போன் அதிர்ந்தது. இன்னொரு ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைக்கு மூச்சில்லையாம். சத்தமில்லாமல் நழுவினேன்.

பாதி வழியில் நர்ஸ் கூப்பிட்டாள். "போயிட்டார். கடைசியா, 'ஹோஜா எங்க?'ன்னு கேட்டார்."

பாவி நான்!

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அந்த அறையைத் தாண்டினேன். கட்டில் காலி. எலுமிச்சைக் கொலோன் வாசனை அடித்தது, அவர் பூசுவது.

"ஹோஜா... எங்க போனீங்க?"

தலையணையிலிருந்து வந்தது குரல்.

மெல்ல உள்ளே போனேன். மறுபடியும் விட்டுவிட்டு ஓடவா? இந்த வேலைக்கு வந்த ஒன்பது வருஷத்தில் முதன்முறையாகப் போனை அணைத்தேன். குனிந்து கலிமா சொன்னேன். குரல் திக்கித் திக்கித் திருப்பிச் சொன்னது.

கதவு திறந்தது. பாதிரியார் கெரார்ட்.

"ஷுக்ரு, காலிக் கட்டில்ல யாருக்குப்பா ஓதுற? நீ தூங்கி எத்தன நாளாச்சு? என்கிட்டயாவது சொல்லக் கூடாதா?"

உதட்டில் விரலை வைத்தேன். தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.

அரை மணி நேரம் அசையவில்லை நான். தலையணையில் இழுத்துக்கொண்டிருந்த மூச்சு மெல்ல அடங்கியது. வேறு பேச்சே வரவில்லை. அல்ஹம்துலில்லாஹ்! விக்கி விக்கி அழுதேன்.

எழுந்தேன்.

தலையணை மெதுவாக அமுங்கியது.

"ஹோஜா," என்றது ஒரு பெண்குரல். "அடுத்தது நான். போன ரமலான்ல பாதில விட்டுட்டு ஓடுனீங்களே."

அவளுக்குப் பின்னால், சுவரோரம், யாரோ இருமினார்கள். இன்னும் யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டார்கள்.