ரெண்டு தட்டுனா போலாம்

ரெண்டு தட்டு விழுந்துச்சு. டக், டக்.

‘போலாம்’னு அர்த்தம். திருச்செல்வம் யோசிக்காமலே கிளச்ச விட்டு, பழைய லேண்ட் ரோவர யார்டு வாசலத் தாண்டி ரோட்டுல ஏத்திட்டாரு. புதுசா கொக்கியில மாட்டுன பட்டாளத்து ட்ரெய்லர் சமத்தாப் பின்னால வந்துச்சு. அதுக்கப்புறந்தான் சைடு கண்ணாடியப் பாத்தாரு. தட்டுனது ட்ரெய்லர வித்த அக்பர்னு நெனச்சிருந்தாரு. அக்பரோ தூரத்துல, கொட்டகைக்குக் கீழ, ஒரு கையில போனும் இன்னொரு கையில பால் இல்லாத தே ஓ டீ கிளாஸுமா முதுகக் காட்டி நின்னுக்கிட்டு இருந்தாரு.

சரி, பழைய இரும்பு. சத்தம் போடத்தான் செய்யும்.

பதினெட்டு வயசுல தோட்டத்து லோரியில டிரைவருக்குக் கையாளா ஏறுனவரு அவரு. பின்னால நின்னு பலகையத் தட்டணும். ஒண்ணு தட்டுனா நில்லு, ரெண்டு தட்டுனா போலாம். மக லோஷினிக்கு ஆறு வயசுல அதையே வெளையாட்டாக் கத்துக் குடுத்தாரு. அப்பா கார ரிவர்ஸ் எடுக்க, அவ பின்னால நின்னு சின்னக் கையால தட்டுவா. இப்ப அவளுக்கு இருபத்தொம்பது. சிங்கப்பூர்ல வேலை. கெலாங் பாத்தாவுல இருக்கற வீட்டுக்கும் அவளுக்கும் நடுவுல ஒரே ஒரு பாலந்தான், ஆனா அம்மா மலர் போய்ச் சேந்த இந்த மூணு வருசத்துல வந்தது நாலே தடவை. அம்மாவோட மோதிரத்தப் போட்டுக்கிட்டு வருவா, சாப்புடுவா, போயிருவா.

இந்தத் தடவ மூணு நாள் லீவு. ‘மெர்சிங் போயி கடலோரமா கூடாரம் போடலாம்பா’ன்னு அவளே சொன்னா. நாளைக்கு வரா. கூடாரம், அடுப்பு, மெத்தை எல்லாம் ஏத்தத்தான் இந்த ட்ரெய்லர். இது நல்லபடியா நடந்தா அவ திரும்பவும் வருவா. மனுசனுக்கு வேற ஆசையே இல்ல.

“உள்ள என்னப்பா இருக்கு?”ன்னு அக்பர்கிட்ட கேட்டதுக்கு, “கோசோங்ணே, சும்மா காலிதான். அஸ்கார் ஏலத்துல, பட்டாளத்துக்காரங்ககிட்ட எடுத்தது, கித்தான்கூட நான் அவுக்கல”ன்னாரு. ரொம்ப வேகமாச் சொன்ன மாதிரி இப்பத் தோணுச்சு.

அறுபதத் தாண்டுனா வண்டி உதறும். அதனால ஹைவே வேணாம்னு ஆயர் ஈத்தாம்ல இருந்து பழைய ரோட்டப் புடிச்சாரு. மழ தூற ஆரம்பிச்சு, ரெண்டு பக்கமும் செம்பனை மரங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டி இருட்டா நிக்க, அழுகுன பழக்குலை வாடையோட பின்னாலேருந்து நனைஞ்ச கித்தான் வாடையும், அதுக்கும் அடியில பூட்டிக் கெடந்த ரூமத் தொறந்தா வருமே அப்படி ஒரு மக்கிப்போன மூச்சும் ஜன்னல் வழியா உள்ள வந்துச்சு.

சிம்பாங் ரெங்கம் சிக்னல்ல பச்ச விழுந்தத அவரு கவனிக்கல. டக், டக். கையி தானா கியரப் போட்டுச்சு. போட்டபிறகுதான் உடம்பு சில்லுன்னு ஆச்சு.

அடுத்த வளைவுல ஒத்தத் தட்டு. டக்.

பிரேக்க மிதிச்சாரு. தோட்டத்துப் பாதையிலேருந்து லைட்டே இல்லாத லோரி ஒண்ணு மூக்குக்கு முன்னால குறுக்க பாஞ்சு போச்சு. ஒரு நொடி, அவ்வளவுதான் மிச்சம்.

“தேங்ஸ்லா…” வாய்ல வந்துருச்சு. யாருக்கிட்ட சொன்னோம்னு அப்பறந்தான் பயந்தாரு.

ஓரங்கட்டி, டார்ச்ச எடுத்துக்கிட்டு எறங்கி, கித்தான் முடிச்ச அவுத்துப் பாத்தாரு. காலி. ஆனா பக்கத்தகடு முழுக்க உள்ளேருந்து அடிச்ச மாதிரி குழிங்க. மேல, பெரிய கைமுட்டி அளவுல, ஜோடி ஜோடியா. கீழ மூலையில சின்னச் சின்னக் குழிங்க, ஒத்த ஒத்தையா, எண்ண முடியாத அளவுக்கு.

கழட்டி இங்கேயே விட்டுட்டுப் போயிரணும். வேலியில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதையா ஆயிப்போச்சுன்னு மலர் இருந்தா திட்டியிருப்பா.

போன் அடிச்சுச்சு. லோஷினி.

“அப்பா, எங்க இருக்கீங்க?”

“வந்துக்கிட்டே இருக்கேன்மா. ஒரு மணி நேரம். நீ நாளைக்கு எத்தன மணிக்கு?”

அவ சிரிச்சா. “மெதுவா வாங்கப்பா. மழ.”

அந்தச் சிரிப்பக் கேட்டபிறகு எப்படிக் கழட்டுவாரு? முடிச்ச இறுக்கிக் கட்டுனாரு. இன்னொண்ணும் இருந்துச்சு, சொல்லவே வெக்கம். மூணு வருசமா அவருக்குப் பின்னால யாரும் இல்ல. நில்லுன்னு சொல்ல, போலாம்னு சொல்ல ஆளே இல்ல. பயமாத்தான் இருந்துச்சு, இருந்தாலும் அந்தத் தட்டு அவரக் காப்பாத்துச்சே.

மிச்ச தூரம் பூரா தட்டு சொன்னபடியே ஓட்டுனாரு. ஒரு தடவகூட அது தப்பாச் சொல்லல.

வீட்டுக்கு வந்தப்ப ஏழரை. தாமான் குடியிருப்புல கடைசி வீடு. மழ கொட்டுது. கேட் தொறந்து கெடந்துச்சு. காலையில பூட்டலயா? வயசாயிருச்சு நமக்கு. போர்ச் லைட் போன வாரமே ஃபியூஸ். ட்ரெய்லர ரிவர்ஸ்ல உள்ள ஏத்தணும், பின்கண்ணாடி பூரா கித்தான்தான் தெரியுது, தகரக் கூரையில விழற மழச் சத்தத்துல தன் மூச்சுகூடக் கேக்கல.

டக், டக். வா.

வந்தாரு. ஸ்டியரிங் லேசா எடப்பக்கம்.

டக், டக். வா.

அப்பறம் ஒரு தட்டு. ஒத்த. மெல்லிசா. மோதிரம் இரும்புல பட்ட மாதிரி, டிங்.

கால் பிரேக்குக்குப் போச்சு.

டக், டக். அழுத்தமா. உடனே. வா, வா.

ஒண்ணா? ரெண்டா?

வழி பூரா காப்பாத்துனது அந்த அழுத்தமான டக்குதான். அதத்தான் நம்புனாரு. கால எடுத்தாரு. வண்டி இன்னும் ஒரு முழம் பின்னால போச்சு. எதுலயும் இடிக்கல.

எஞ்சின அணைச்சு, சாவிய உருவிக்கிட்டு எறங்குனாரு. படிக்கட்டுல ஒரு தோள்பை. பக்கத்துல ஒரு ஜோடி செருப்பு. லோஷினியோடது.

“அலமாக்… லோஷினி! இன்னிக்கே வந்துட்டியாம்மா?”



பின்னால ஓடுனாரு. செவுத்துக்கும் ட்ரெய்லருக்கும் நடுவுல ரெண்டு சாண் எடம். யாரும் இல்ல. ரத்தம் இல்ல. தரையில அவ போன் மட்டும், டார்ச் எரிஞ்சபடி.

கித்தான் முடிச்சு அவரு கட்டுன மாதிரியே இருந்துச்சு.

உள்ளேருந்து, டிங்.

கீழ, மூலையிலேருந்து.

டிங். டிங். ஒவ்வொண்ணா. நில்லு. நில்லு.

“அப்பா இருக்கேன்மா! இதோ இருக்கேன்!” நனைஞ்ச கயிறு அவுரல. பல்லால கடிச்சாரு. அவுரல.

டிங்.

அதுக்கு மேல, பொறுமையா, பெருசா.

டக், டக்.

லேண்ட் ரோவர் மெதுவா கேட்டப் பாத்து நகர ஆரம்பிச்சுச்சு. சாவி அவரு கையிலதான் இருந்துச்சு.